மாதக் கணக்கும் மனக் கணக்கும்: திருகோணமலைப் பெண்கள் கேட்ட கேள்விகள்

உப்புவெளி, தம்பலகாமம், மூதூர், கிண்ணியா என்று பெண்கள் கூடும் இடங்களுக்கு உளநலம் பற்றிப் பேசப் பல வருடங்களாகப் போய்வருகிறேன். நான் வைத்தியர் அல்ல, உளசமூகப் பணியாளர். கூட்டம் நடக்கும்போது யாரும் வாய் திறப்பதில்லை. முடிந்து கதிரை அடுக்கும்போதுதான் ஒருவர் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "அக்கா, ஒண்டு கேக்கலாமா?" என்பார். மாதவிடாயும் பிள்ளைப்பேறும் ஓமோனும் மனத்தை என்ன செய்கின்றன என்று அப்படி வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தந்திருக்கிறேன்.

உளநலக் கிளினிக்கில் பெரும்பாலும் மாதவிடாய் பற்றிக் கேட்பதில்லை. மகப்பேற்றுக் கிளினிக்கில் மனம் பற்றிக் கேட்பது குறைவு. இரண்டு கிளினிக் கொப்பிகளையும் கையில் வைத்திருப்பவள் அந்தப் பெண் மட்டும்தான். அதனால்தான் இந்தப் பக்கம் முழுக்கத் திகதி, திகதி என்று சொல்லப்போகிறேன்.

ஓமோன் எண்டா கர்ப்பப்பைச் சாமான்தானே அக்கா, அதுக்கும் மூளைக்கும் என்ன தொடர்பு?

கர்ப்பப்பையில் அல்ல, முக்கியமாகச் சூலகத்தில் சுரக்கிறது. சுரந்ததும் இரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் போகிறது, மூளைக்கும் போகிறது. ஈஸ்திரஜன், புரோஜெஸ்தரோன் இரண்டையும் பிடித்துக்கொள்ளும் வாங்கிகள் மூளையில், அதுவும் பயம், நினைவு, மனநிலை ஆகியவற்றைக் கவனிக்கும் பகுதிகளில் உண்டு.

இரத்தம் வரும் முதல் நாளை ஒன்று என்று எண்ணுங்கள். அதிலிருந்து ஈஸ்திரஜன் மெல்ல ஏறி, முட்டை வெளிவரும் நாளையொட்டி, ஏறத்தாழ 14ஆம் நாளளவில், உச்சத்துக்குப் போகும். பிறகு புரோஜெஸ்தரோன் ஏறும். அடுத்த மாதவிடாய்க்கு முந்திய சில நாட்களில் இரண்டும் ஒன்றாக இறங்கும். மனநோய்க் குளிசைகள் மூளையில் செய்தி கடத்தும் பொருட்களான எந்தச் செரட்டோனினையும் டோப்பமைனையும் குறிவைத்து வேலை செய்கின்றனவோ, அவற்றின் போக்கை ஈஸ்திரஜனும் மாற்றுகிறது. புரோஜெஸ்தரோன் உடைந்து அலோபிரெக்னனலோன் என்ற பொருளாகிறது. அது மூளையை அமைதிப்படுத்தும் காபா அமைப்பில் போய் ஒட்டுகிறது. பெரும்பாலானோருக்கு அது நித்திரையும் அமைதியும் தரும். சிலருக்கோ அதே பொருள் எரிச்சலையும் பதற்றத்தையும் கிளப்பிவிடுகிறது.

எல்லாப் பொம்பிளையளுக்கும் இதே ஓமோன்தானே? எனக்கு மட்டும் ஏன் இப்படி? என்ட மனத்திடம் காணாதா?

இதற்கு ஆராய்ச்சியே தெளிவான பதில் தந்திருக்கிறது. 1998இல் அமெரிக்காவில், மாதவிடாய்க்கு முன் கடுமையாக மனம் குழம்பும் பெண்களுக்கு ஊசி போட்டுச் சூலகத்தின் வேலையைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். பலருக்குக் குழப்பம் அடங்கியது. பிறகு ஈஸ்திரஜனையோ புரோஜெஸ்தரோனையோ திரும்பக் கொடுத்ததும் பழைய குழப்பம் வந்தது. அந்தப் பிரச்சினை இல்லாத பெண்களுக்கும் இதையே செய்து பார்த்தார்கள். அவர்கள் மனநிலையில் மாற்றம் இல்லை.

2000ஆம் ஆண்டில் இன்னொரு சோதனை. பிள்ளைப்பேற்றுக்குப் பின் ஓமோன் சரிவதைப் போலவே மருந்தால் ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். முன்பு பேற்றுக்குப் பிந்திய மனச்சோர்வு வந்திருந்த 8 பேரில் 5 பேருக்கு அறிகுறிகள் திரும்பின. அது வராத 8 பேரில் ஒருவருக்கும் வரவில்லை.

ஆகவே ஓமோன் அளவில் பிழை இல்லை, அதன் ஏற்ற இறக்கத்தை உங்கள் மூளை உணரும் விதம்தான் வேறு. இரத்தப் பரிசோதனையில் "எல்லாம் நோர்மல்" என்று வந்தபிறகும் உங்கள் வருத்தம் உண்மையாக இருக்கலாம். மனத்திடத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, தங்கச்சி.

பீரியட்ஸ் வர ஒரு கிழமைக்கு முதல் நான் நானா இல்லை. பிள்ளையளுக்கு அடிக்கிறன், பிறகு அழுறன், செத்தால் நல்லம் எண்டு வருது. ரத்தம் வந்து ரெண்டாம் நாள் எல்லாம் போயிடும். இது வருத்தமா, குணமா?

வருத்தம். மாதவிடாய்க்கு முன் கொஞ்சம் எரிச்சல், மார்பு நோவு, வயிறு ஊதல் பலருக்கும் வரும். நீங்கள் சொல்வது அதைவிடக் கடுமையானது. மாதவிடாய்க்கு முந்திய மனநிலைக் கோளாறு என்று இதற்குப் பெயர். நூறு பெண்களில் ஏறத்தாழ 2 முதல் 6 பேருக்கு இது இருக்கிறது. உளமருத்துவர்கள் உலகெங்கும் பார்க்கும் அமெரிக்க நோய்ப் பட்டியலில் 2013இல்தான் இது தனி நோயாக இடம் பிடித்தது. இவ்வளவு காலமும் இதைச் சுமந்த பெண்களை "கோவக்காரி" என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்ததை நினைக்க எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கான் கிடையாது, இரத்தப் பரிசோதனையும் கிடையாது. கலண்டர்தான் பரிசோதனை. சுவரில் தொங்கும் நாட்காட்டி போதும். இரத்தம் வந்த நாளுக்கு ஒரு புள்ளி வையுங்கள். ஒவ்வொரு நாள் இரவும் அன்றைய மனநிலைக்கு 0 முதல் 3 வரை ஓர் இலக்கம் போடுங்கள்: 0 என்றால் சுகம், 3 என்றால் தாங்கவே முடியாத நாள். குறைந்தது இரண்டு மாதம் எழுத வேண்டும். மாதக் கடைசியில் யோசித்து எழுதினால் சரிவராது. கெட்ட நாள் நல்ல நாளையும் விழுங்கிவிடும், அன்றன்று எழுதினால்தான் உண்மை தெரியும். பெரிய இலக்கங்கள் எல்லாம் புள்ளிக்கு முந்திய கிழமையில் குவிந்து, புள்ளிக்குப் பின் 0 ஆகினால் உங்கள் சந்தேகம் சரி. மாதம் முழுக்க 2, 3 என்று இருந்து, முந்திய கிழமையில் இன்னும் கூடினால் அது வேறு கதை: அடியில் ஒரு மனச்சோர்வோ பதகளிப்போ இருக்கிறது, மாதச் சுழற்சி அதைக் கூட்டுகிறது. மருந்தும் அதற்கேற்ப மாறும்.

சிகிச்சை உண்டு. புளூஒக்செற்றின், சேற்றலின் போன்ற குளிசைகள் சாதாரண மனச்சோர்வில் வேலை செய்யக் கிழமைக் கணக்கில் எடுக்கும். இந்தக் கோளாறில் சில நாட்களிலேயே பலன் தெரியும். சிலருக்கு மாதத்தின் பின்பாதியில் மட்டும் குடித்தாலே போதும் என்று வைத்தியர் சொல்வார். குறிப்பிட்ட வகைக் கருத்தடைக் குளிசைகளும் உதவும்.

செத்தால் நல்லம் என்ற எண்ணம் வரும் நாட்களை முன்கூட்டியே உங்கள் வீட்டுக்காரரிடமோ தங்கச்சியிடமோ காட்டிவையுங்கள். அந்த நாட்களில் தனியே இருக்க வேண்டாம். பூச்சிமருந்தும் குளிசைகளும் இன்னொருவர் பொறுப்பில் இருக்கட்டும். 1926 தேசிய உளநல உதவி இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம்.

என்ட தாத்தாவுக்குப் பத்து வருசமாக் காதில குரல் கேக்குற வருத்தம். மாசாமாசம் அந்த நாள் நெருங்கக் கூடுது. டொக்டரிட்டச் சொன்னா நம்புவாரா?

(கிண்ணியாவிலிருந்து வந்த கேள்வி. அங்கே தாத்தா என்றால் மூத்த சகோதரி.)

கலண்டரோடு சொன்னால் நம்புவார். இல்லாத குரல் கேட்பது, நடக்காததை நம்புவது போன்ற உளப்பிறழ்வு நோய் உள்ள பெண்கள் மாதவிடாயை ஒட்டிய நாட்களில் வைத்தியசாலையில் சேர்க்கப்படும் வீதம், எதிர்பார்ப்பதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது தெரிந்தது. அது ஈஸ்திரஜன் குறையும் காலம். உளப்பிறழ்வில் ஒரு வகையான மனச்சிதைவு நோய் பெண்களுக்கு ஆண்களைவிடச் சில வருடம் பிந்தியே தொடங்குவதும், மாதவிடாய் நிற்கும் வயதையொட்டிப் பெண்களில் மட்டும் இரண்டாவதாக ஒரு சிறு ஏற்றம் தெரிவதும் இதே திசையைத்தான் காட்டுகின்றன. ஈஸ்திரஜன் மூளைக்கு ஓரளவு கவசம் போல இருக்கிறது என்ற கருத்து அதிலிருந்துதான் வந்தது.

மெல்பேர்ணில் பேராசிரியர் ஜெயஸ்ரீ குல்கர்னியின் குழு 2008இல் வெளியிட்ட ஆய்வில், 102 பெண்களில் ஒரு பகுதியினருக்கு வழமையான மருந்தோடு தோலில் ஒட்டும் ஈஸ்திரஜன் பட்டையும் 28 நாள் கொடுத்தார்கள். பட்டை ஒட்டியவர்களுக்கு அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்தன. இதைப் படித்துவிட்டு ஃபாமசியில் ஓமோன் குளிசை கேட்டு நிற்க வேண்டாம். ஈஸ்திரஜனைத் தனியே நெடுங்காலம் எடுத்தால் கர்ப்பப்பை உட்சுவரில் புற்றுநோய் ஆபத்து உண்டு, இரத்தம் கட்டும் ஆபத்தும் உண்டு. நீங்கள் இன்றே செய்யக்கூடியது, அந்த நாட்களில் குளிசை தவறாமல், நித்திரை குறையாமல் தாத்தாவைப் பார்த்துக்கொள்வது. கிளினிக் திகதியையும் முடிந்தால் அந்தக் கிழமைக்கே கேட்டு வாங்குங்கள்.

கிளினிக் குளிசை குடிக்கத் தொடங்கினாப் பிறகு எனக்குப் பீரியட்ஸ் நிண்டிட்டுது. மார்பில பால்மாதிரிக் கசியுது. மாமி வேற மாதிரிப் பாக்கிறா.

ரிஸ்பெரிடோன் போன்ற சில மருந்துகள் டோப்பமைனை மறிக்கும்போது புரோலக்டின் என்ற ஓமோன் கூடும். பால் கொடுக்கும் தாய்க்குச் சுரப்பது அதுதான். அது கூடினால் மாதவிடாய் நிற்கும், பால் கசியும், ஆசை குறையும். நெடுநாள் நீடித்தால் எலும்பும் மெலியும். முதலில் கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்துவிட்டுப் புரோலக்டின் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். மருந்தின் அளவைக் குறைக்கலாம், புரோலக்டினைக் கூட்டாத மருந்துக்கு மாற்றலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வெட்கத்தில் சொல்லாமல் மருந்தை நிறுத்தி, மூன்றாம் மாதம் நோய் முற்றி வந்தவர்கள் எத்தனையோ பேரைக் கண்டுவிட்டேன். இன்னொன்று: மாதவிடாய் நின்றாலும் கரு தங்கலாம்.

மாமிக்கு நான் வந்து சொல்கிறேன்.

பிள்ளை பிறந்து ஒரு கிழமை. மருமகள் நித்திரையே இல்லை, தனியாக் கதைக்கிறா, பிள்ளையை ஆரோ மாத்திப்போட்டினம் எண்டுறா. துடக்கு வீட்டில ஏதோ அண்டிட்டுது எண்டு சனம் சொல்லுது. 31ஆம் நாள் துடக்கு கழியட்டும் எண்டு இருக்கிறம்.

இருக்க வேண்டாம் அம்மா. இன்றைக்கே வைத்தியசாலை. 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வாசலுக்கு வரும், காசு இல்லை.

பிள்ளை வயிற்றில் இருக்கும்வரை நச்சுக்கொடி ஈஸ்திரஜனையும் புரோஜெஸ்தரோனையும் கொட்டிக்கொண்டே இருக்கிறது. கொடி வெளியே வந்ததும் சில நாட்களுக்குள் இரண்டும் அடிமட்டத்துக்கு விழும். பெண்ணின் வாழ்நாளிலேயே இதைப்போன்ற சரிவு வேறு இல்லை. ஆயிரம் பேற்றில் ஒன்று இரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு கிழமைக்குள், பேற்றுக்குப் பிந்திய உளப்பிறழ்வு வரும். எங்கள் பாட்டிமார் "சன்னி" என்று சொன்னதில் இதுவும் அடங்கும். நித்திரை இல்லாமை, ஓயாத பேச்சு, நிமிடத்துக்கு நிமிடம் மாறும் மனநிலை, பிள்ளையைப் பற்றிய விபரீத நம்பிக்கை ஆகியவை இதன் அடையாளம். தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து உண்டு. அதே நேரம், மனநோய்களுக்குள்ளே நன்றாகக் குணமாகிறவற்றில் இதுவும் ஒன்று.

என் சொந்த அக்காவுக்கு இது வந்தது. ஐந்தாம் நாள் தொடங்கியது. நூல் கட்டினோம், நேர்த்தி வைத்தோம். கொண்டுபோன முதல் வைத்தியசாலையில் "நித்திரை இல்லாததுதான்" என்று விற்றமின் கொடுத்து அனுப்பினார்கள். பன்னிரண்டாம் நாள் விடியப்புறம் பிள்ளையோடு கிணற்றடியில் நின்றா. அன்றைக்கு அம்மா விழித்துக்கொண்டதால் இருவரும் இருக்கிறார்கள். சிகிச்சை தொடங்கி இரண்டு மாதத்தில் பழைய அக்கா திரும்பி வந்தா. இப்போது பேரப்பிள்ளை கண்டுவிட்டா. அந்த ஒரு கிழமையை நாங்கள் வீணாக்கியிருக்கக் கூடாது. கோயிலுக்கு நேர்த்தி வையுங்கள், ஓதிப் பாருங்கள், நான் தடுக்கமாட்டேன். ஆனால் வைத்தியசாலைக் கட்டிலில் இருத்திவிட்டு அதைச் செய்யுங்கள்.

ஒருமுறை வந்தால் அடுத்த பேற்றிலும் மூன்றில் ஒருவருக்கு வரக்கூடும். மிதமிஞ்சிய எழுச்சியும் சோர்வும் மாறிமாறி வரும் இருதுருவ மனநிலை நோய் உள்ளவர்களுக்கும் ஆபத்து அதிகம், ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். வயிற்றில் பிள்ளை தங்கியவுடனேயே மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லிக் கர்ப்பவதிக் கொப்பியில் எழுதுவித்தால், முன்கூட்டியே மருந்துத் திட்டம் போட்டு வரவிடாமல் தடுக்க முயற்சிக்கலாம்.

எனக்குப் பேயும் இல்லை, குரலும் இல்லை. பிள்ளையைப் பாத்தா ஒண்டும் தோணுதில்லை. அழுகை மட்டும்.

முதல் பத்து நாளில் அழுகை வருவது பாதிக்கும் மேற்பட்ட தாய்மாருக்கு நடக்கும், தானாகப் போகும். இரண்டு கிழமை தாண்டியும் இருந்தால் மனச்சோர்வு. தாய்மாரில் நூற்றுக்கு 10 முதல் 15 பேருக்கு வரும். எடின்பரோ அளவுகோல் என்ற 10 கேள்விக் கடதாசி தமிழில் இருக்கிறது. மிட்வைஃப் வீட்டுக்கு வரும்போது அதைக் கேட்டு நிரப்புங்கள். பக்கத்தில் மாமியும் மச்சாளும் இருந்தால் உண்மையை எழுதமாட்டீர்கள், தெரியும். "மிஸ், கிணற்றடிக்கு வாங்கோ" என்று தனியாகக் கூட்டிக்கொண்டு போங்கள். பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகள் உண்டு, சேற்றலின் அதில் ஒன்று. தைரொயிட், இரத்தச்சோகை இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். பேற்றுக்குப் பின் தைரொயிட் குழம்பினாலும் இதே சோர்வுதான் வரும்.

திருவிழாவுக்கும் உம்ராவுக்கும் போறதுக்காகப் பீரியட்ஸைத் தள்ளிப் போடுற குளிசை எடுக்கலாமா? நான் மனசுக்கும் மருந்து எடுக்கிறன்.

கோணேசர் தேரன்றைக்கு என்றும் மக்காவுக்கு என்றும் நம்மூரில் பலர் கேட்டு வாங்குவது நோரெதிஸ்டெரோன். அது புரோஜெஸ்தரோன் வகை. சில நாள் எடுப்பது பலருக்கும் ஒன்றும் செய்யாது. மனச்சோர்வு உள்ள சிலருக்கு மனத்தைக் கீழே இழுக்கும், நிறுத்தும்போதும் ஒரு சரிவு வரும். இரத்தம் கட்டிய வரலாறு இருந்தால் எடுக்கவே கூடாது. பக்கத்து வீட்டு மாமியின் மிச்சக் குளிசையை வாங்கிப் போடாமல், ஒரு மாதம் முந்தியே உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள்.

குடும்பக்கட்டுப்பாட்டு ஊசி, குளிசை மனசைக் குழப்புமா?

பெரும்பாலானோருக்கு இல்லை. 2016இல் டென்மார்க்கில் பத்து லட்சத்துக்கும் அதிகமான பெண்களின் பதிவுகளைப் பார்த்தபோது, ஓமோன் கருத்தடை எடுப்பவர்கள் மனச்சோர்வுக்கு மருந்து தொடங்குவது சற்றுக் கூடுதலாக இருந்தது. பதின்ம வயதுப் பெண்களில் இது இன்னும் கூடத் தெரிந்தது. காரணம் ஓமோன்தானா என்பதை அந்த ஆய்வால் உறுதியாகச் சொல்ல முடியாது. தொடங்கிய திகதியைக் கலண்டரில் எழுதிவிட்டு மூன்று மாதம் பாருங்கள். டெப்போ ஊசியில் ஒரு சங்கடம், போட்டால் மூன்று மாதம் உடம்பில் இருக்கும், குளிசை போல நாளைக்கே விட முடியாது.

இதைவிட எனக்குப் பயம் தருவது மருந்துகள் ஒன்றோடொன்று மோதுவது. கார்பமசபின், லமோட்றிஜின், வல்ப்ரோயேற் மூன்றும் மனநிலையைச் சமப்படுத்தக் கொடுக்கும் மருந்துகள். கார்பமசபின் கருத்தடைக் குளிசையின் பலனைக் குறைக்கும். ஈஸ்திரஜன் உள்ள குளிசை லமோட்றிஜினின் அளவை இரத்தத்தில் பாதியளவுக்கு இறக்கிவிடக்கூடும். வல்ப்ரோயேற் எடுக்கும்போது கரு தங்கினால் பத்தில் ஒரு பிள்ளைக்குப் பிறவிக் குறைபாடு வரும் ஆபத்து உண்டு. பிள்ளை பெறும் வயதில் உள்ள ஒருவருக்கு அதை எழுதியிருந்தால், "வேறு மருந்து இல்லையா?" என்று கேட்பது உங்கள் உரிமை.

47 வயசு. கச்சான் காத்து வீசேக்க எல்லாருக்கும் வேர்க்கும், எனக்கு மார்கழி மழையிலயும் வேர்க்குது. நித்திரை இல்லை, நெஞ்சு படபடப்பு, ஒண்டுக்கும் மனமில்லை. வயசுக்கு வாறதுதானே?

வயதுக்கு வருவதுதான், சகித்துக்கொண்டிருக்க வேண்டியது அல்ல. மாதவிடாய் நிற்பதற்கு முந்திய சில வருடங்களில் ஈஸ்திரஜன் ஒழுங்காக இறங்குவதில்லை. ஏறும், விழும், திரும்ப ஏறும். முன்பு மனச்சோர்வு வந்தவர்களுக்கு இக்காலத்தில் திரும்பும் வாய்ப்பு அதிகம், ஒருபோதும் வராதவர்களுக்கும் வரலாம். வெல் வுமன் கிளினிக் என்று சொல்லும் சுகவனிதையர் கிளினிக் 35 வயது தாண்டியவர்களுக்காகவே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் நடக்கிறது. அங்கே மார்பையும் கர்ப்பப்பைக் கழுத்தையும் மட்டும் காட்டிவிட்டு வராமல் நித்திரையையும் மனத்தையும் சொல்லுங்கள். குறைந்த ஓமோனை மருந்தாகக் கொடுக்கும் ஓமோன் மாற்றுச் சிகிச்சை எல்லோருக்கும் ஏற்றதல்ல, மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை. மனச்சோர்வு மருந்தும் ஆற்றுப்படுத்தலும் இந்த வயதிலும் நன்றாக வேலை செய்கின்றன.

இந்த வயதில் முதல் தடவையாகக் குரல் கேட்டால், யாரோ பின்தொடர்வதாகத் தோன்றினால், "மாதவிடாய் நிக்கிற கோளாறு" என்று விட்டுவிடாமல் உளமருத்துவ நிபுணரிடமே போங்கள்.

கலியாணம் செய்து வைச்சா ஓமோன் சரியாகி வருத்தம் மாறுமா?

மாறாது. இரண்டு குடும்பம் வருந்தும்.

சுனாமியில மூத்தவனைக் குடுத்தன். 2006இல சண்டையில மூதூரால ஓடினம். இப்ப டொக்டர் ஓமோன் எண்டுறார். என்ட கவலை ஓமோனா?

இல்லை அம்மா. மகனை இழந்த துயரத்துக்கு ஓமோன் என்று யாராவது பெயர் வைத்தால் அது பிழை. சாவும், இடம்பெயர்வும், வீட்டுக்குள் அடியும், கடனும் மனத்தை நோகச்செய்கின்றன. அந்த நோவை எந்த நாட்களில் தாங்க முடிகிறது, எந்த நாட்களில் தாங்க முடியவில்லை என்பதில்தான் ஓமோனுக்குப் பங்கு. பயம் தணிவதற்கு மூளை கற்றுக்கொள்ளும் வேலை ஈஸ்திரஜன் குறைந்த நாட்களில் மந்தப்படுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அந்த நாட்களில் அலைச் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடைப்பதாகச் சொல்லும் பெண்கள் நிலாவெளிக் கரையிலும் இருக்கிறார்கள். இரண்டையும் வைத்தியரிடம் சொல்லுங்கள், மகனைப் பற்றியும் சொல்லுங்கள்.

எங்க போறது, போய் என்ன சொல்லுறது?

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. தூரத்தில் உள்ளவர்கள் பக்கத்துத் தள வைத்தியசாலையில் கேட்டால் கிளினிக் நாளைச் சொல்வார்கள். காசு கட்டத் தேவையில்லை. தமிழில் பேச முடியாத வைத்தியராக இருந்தால், மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வளர்ந்த பெண்ணை, சிநேகிதியைக் கூட்டிப்போங்கள், சின்னப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்க வேண்டாம்.

வைத்தியருக்கு உங்களோடு பேச ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிய விடயம். கடைசி மாதவிடாய்த் திகதி, அதோடு மனம் கூடிக் குறையும் விதம், நீங்கள் எடுக்கும் எல்லா மருந்தும் கருத்தடையும், முந்திய பேறுகளில் மனத்துக்கு ஏதும் நடந்ததா என்பது, பிள்ளை பெறும் யோசனை இருக்கிறதா என்பது: இவற்றை ஒரு கடதாசியில் எழுதிக் கலண்டர்த் தாளோடு கிளினிக் கொப்பிக்குள் வைத்துவிடுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் கடதாசியை மட்டும் நீட்டினாலும் போதும். நான் கூட்டிப்போன ஒரு பிள்ளை அப்படித்தான் நீட்டினா. வைத்தியர் வாசித்துவிட்டுப் பேனையைக் கீழே வைத்து, கதிரையை அவவின் பக்கம் திருப்பி, "சரி, ஆறுதலாச் சொல்லுங்கோ" என்றார்.